தெருவை அடைத்த வெள்ளை

திரையில் அவளுடைய தெருவே வந்து நின்றது.

எந்த வயல் வீடானது, எந்தக் குளம் மனையானது என்று பழைய செயற்கைக்கோள் படங்களை வருஷவாரியாக ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை. எல்லா வருஷமும் பங்குனிப் படம்தான். அப்போதுதான் மேகம் இருக்காது.

மாற்றத்தை முதலில் கணினி பிடித்துவிடும். ஒரு வருஷம் இல்லாதது அடுத்த வருஷம் இருந்தால் சிவப்புக் கட்டம் போடும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும், பாவம்.

அவள் வீட்டு வாசலில், தெருவையே அடைத்துக்கொண்டு, ஒரு சிவப்புக் கட்டம்.

புதுக் கட்டடம் என்றது கணினி.

சிவப்பை விலக்கிப் பார்த்தாள். அடியில் நீளமாக ஒரு வெள்ளை.

படத்தின் தேதியைப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம்.

சாமியானா.

அவள் கணவன் பூபாலன் போன அன்று போட்டது.

அழுகை வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்று காதுபடவே பேசினார்கள். யார் வந்தார்கள், யார் கையைப் பிடித்தார்கள், ஒன்றும் நினைவில்லை.

செயற்கைக்கோள் இந்தப் பக்கம் காலையில்தான் கடக்கும்.

அவனைச் சுடுகாட்டுக்கு எடுத்தது சாயங்காலம்.

அப்படியென்றால் இந்தப் படத்தில் அவன் இன்னும் போகவில்லை. அந்த வெள்ளைக்கு அடியில்தான் இருக்கிறான்.

பக்கத்தில் அவளும்.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த மேலாளர் ஆரோக்கியம் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். திரையின் ஓரத்தில் அடுத்த வருஷப் படமும் சின்னதாகத் தெரிந்தது.

“என்னம்மா இது, நடுரோட்டுல வீடு கட்டிருக்கான்? அடுத்த வருஷப் படத்துல ஆளையே காணோம்?”

“தப்பாக் காட்டுது சார். எடுத்துருதேன்.”

“சும்மா எடுத்துறாத. யாராவது நேர்ல பாத்துச் சொன்னாத்தான் எடுக்கணும். பொறவு கேள்வி வரும்.”

“நான் பாத்திருக்கேன் சார்.”

“எப்போ?”

“அன்னைக்கே.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்காமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

கட்டத்தைச் சொடுக்கி அழித்தாள்.

சிவப்பு போயிற்று. வெள்ளை அப்படியே இருந்தது.

இனி அடுத்த வருஷப் படத்துக்குப் போக வேண்டும். அதில் வெறும் தெரு.

மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

படத்தில் இன்னும் காலைதான். சாயங்காலத்துக்கு நேரமிருந்தது.