ஆளுக்கொரு முனை

ஒசாகாவின் ஒரு மாடியறையில், மாலை வெயில் மஞ்சளேறிய பழைய கணினிமேல் கிடக்கிறது. பூஞ்சை பிடித்த அதன் பிளாப்பி வட்டில் பழைய நண்பர்கள் நருசேயும் இகராஷியும் ஆடிய ஷோகி என்னும் ஜப்பானியச் சதுரங்க ஆட்டங்கள் அத்தனையும் இருக்கின்றன. அதிகம் ஜெயித்தது யார் என்பது முப்பது வருடச் சண்டை. இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பற்றவைத்த கேபிள் வழியே, பிளாப்பி நுழைய இடமில்லாத புதுக் கணினிக்கு ஓரெழுத்தும் வந்து சேரவில்லை. "அனுப்புற கம்பியையும் வாங்குற கம்பியையும் உன் முனையில இடம் மாத்தச் சொன்னேனே, மாத்துனியா? தோத்தது தெரிஞ்சிடும்னு விட்டுட்டியா?" என்கிறார் நருசே. இகராஷி தன் முனையின் மூடியைக் கழற்றிக் காட்டுகிறார். சிவப்பும் வெள்ளையும் ஒழுங்காக இடம் மாறியிருக்கின்றன. "ரெண்டு பக்கமும் மாத்துனா மாத்தாத மாதிரிதான். எங்க, உன்னோடதத் திற, பாப்போம்." நருசே தன் முனையை உள்ளங்கைக்குள் மூடிக்கொள்கிறார். இகராஷி எங்கே மாற்றப் போகிறான் என்று நினைத்து, அந்த முனையிலும் அவர் மாற்றித்தான் வைத்திருக்கிறார்.