வேனா, வீடு சுமக்குற வண்டியா?

ஊர் சுத்த வண்டி வாங்க வந்த ஷோரூம்ல, நர்ஸம்மாவுக்கு உள்ளேயே படுக்கை வெச்ச கேம்பர் வேன்தான் பிடிச்சிருந்துச்சு. ஆனா அவ வீட்டுக்காரர், போன மாசம் ரிடையரான வாத்தியார், பிக்கப் வண்டியையே சுத்திச் சுத்தி வந்தாரு. அதோட முதுகுல கட்டில், அடுப்போட ஒரு குட்டி வீட்டையே தூக்கி உக்கார வெச்சிருந்தாங்க.

"வேன்ல ஓட்டுற சீட்டுலேருந்து எழுந்தா நேரா படுக்கை. மழையில இறங்க வேணாம்ங்க."

"இதுல வீட்டை இறக்கி நாலு கால்ல நிறுத்திட்டு, வண்டியை மட்டும் எடுத்துட்டுப் போலாம். எந்தக் கரடுமுரடுப் பாதையிலயும் ஏறும்."

"அதானே பார்த்தேன். என்னைக் காட்டுல உக்கார வெச்சுட்டு ஐயா மட்டும் ஊர் சுத்தணும்."

சேல்ஸ்மேன் சிரிப்பை அடக்கிக்கிட்டு டயரைப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு வரல. முப்பது வருஷத்துல ஒரு நாள்கூட அவரைப் பிரிஞ்சு இருந்ததில்ல. இப்ப தன்னை விட்டுட்டுப் போகப் பாக்குறாரோன்னு அவர் சட்டைக் கையைப் பிடிச்சு இழுத்தா.

"உண்மையைச் சொல்லுங்க. தனியா எங்கே போகப் போறீங்க?"

"நான் எங்கே போறேன்? நான் வீட்டுல சமைச்சுக்கிட்டு இருப்பேன். மலைமேல பிரசவம்னு கூப்பிட்டா வண்டியை எடுத்துட்டு ஓடப்போறது நீதான்."

அவ சட்டையை விட்டுட்டு அவரை நிமிர்ந்து பார்த்தா.

"மலைக் கிராமத்து வேலைக்கு வந்த ஆர்டரை மாவு டப்பாவுக்குள்ள ஒளிச்சா எனக்குத் தெரியாதா? நான் ரிடையரானதுலேருந்து சமையல் யாரு, நான்தானே? வரலைன்னு பதில் இன்னும் அனுப்பலையே?"

"இல்ல. எழுதி வெச்சிருக்கேன். உங்களை விட்டுட்டு எப்படிப் போறது?"

"யாரு விடச் சொன்னா?"

சேல்ஸ்மேன் பிக்கப் சாவியை வாத்தியார்கிட்ட நீட்டினான். நர்ஸம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு நடுவுல கையை விட்டு வாங்கினா.

"ஓட்டிப் பாக்கப் போறது நான் தம்பி. ஐயாவுக்கு அடுப்பைக் காட்டுங்க."