ஆங்கிலத்தில் இல்லாத கை

இஸ்மிர் நகர மருத்துவமனையில், முதுகுவலி நோயாளிகளிடம் கேட்பதற்கான கேள்வித்தாள் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து துருக்கி மொழிக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் ஜெவாத்தும் நெஸ்ரினும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி. இன்றுதான் முதல் கூட்டம்.

டாக்டர் ஃபெரிதே இருவரின் மொழிபெயர்ப்புகளையும் அவர்கள் முன்னால் தள்ளினார்.

"ஏழாவது கேள்வியப் பாருங்க. 'நாற்காலியிலிருந்து எழச் சிரமமா?' ஆங்கிலத்துல அவ்வளவுதான். நீங்க ரெண்டு பேருமே, 'யாராவது கை கொடுத்தால்தான் எழ முடிகிறதா?'ன்னு எழுதியிருக்கீங்க. இல்லாத கை எப்படி வந்துச்சு? பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர்," என்றாள் நெஸ்ரின், தேநீரைப் பார்த்தபடி.

"ஃபோன்ல கூடவா?"

"நாங்க பேசியே ஆறு வருஷமாச்சு," என்றான் ஜெவாத்.

"அப்போ முன்னாடியே பழக்கமா?"

"இவளுக்கு முதுகுல ஆபரேஷன் ஆனப்ப, ஒரு வருஷம் நான்தான் கை கொடுத்து எழுப்பினேன். விவாகரத்து அதுக்கப்புறம்."

ஃபெரிதே பேனாவை எடுத்தார். "சரி, இந்த வரிய என்ன செய்யலாம்?"

நெஸ்ரின் எழ முயன்றாள். ஜெவாத்தின் கை அவனைக் கேட்காமலே நீண்டது. அவள் அதைப் பார்த்தாள். மேசை விளிம்பைப் பிடித்தே எழுந்தாள்.

"அடிச்சிடுங்க டாக்டர்," என்றாள். "ஆங்கிலத்துலதான் இல்லையே."