ஈரம் பிடிக்காத மருந்து

சின்ன வயதில் வெளிநாடு போன ஜஸ்ரின், வருடாந்த நன்றிப் பூசையன்று மன்னாரில் வந்திறங்கினான். கோயில் மூப்பர் அம்புறோசைப் பிடித்துக்கொண்டான்.

“கடற்காத்துப் பட்டாலும் ஈரம் பிடிக்காத வெடிமருந்து, மூப்பர்! என்ர கண்டுபிடிப்பு. அந்த நாட்டு ஆமி பரிசு தந்தது.”

“அப்ப நீர் பீரங்கிச் செல் செய்யிறீரோ?”

“சீச்சீ! செல்லைத் தள்ளிவிடுற மருந்து மட்டுந்தான்.”

“ஓமோம். தள்ளிவிடுறது மட்டும் நீர், விழுறது செல்லின்ர விருப்பம்.”

குத்தல் ஜஸ்ரினுக்கு ஏறவில்லை. “என்ர பரிசுக்கும் பூசையில நன்றி சொல்லுங்கோ.”

“சொல்லாமல் விடுவனோ?” என்றார் அம்புறோஸ்.

பூசையில் அவர் வருடா வருடம் வாசிப்பதையே முதலில் வாசித்தார்.

“முப்பத்தைந்து வருடங்களுக்கு முன், கைக்குழந்தை ஜஸ்ரினோடு நாங்கள் ஒளிந்திருந்த இந்தக் கோயிலுக்கு அடித்த செல், அதைத் தள்ளும் மருந்து மழையில் ஈரம் பிடித்திருந்ததால் எட்டாமல் கடலில் விழுந்தது. அந்த ஈரத்துக்காக ஆண்டவருக்கு நன்றி.”

“ஆமென்” என்றது சனம்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்ததை வாசித்தார்.

“இனி எந்தச் செல்லுக்கும் அந்த ஈரம் பிடிக்காமல் செய்து, பரிசும் வாங்கிய ஜஸ்ரினுக்காகவும் ஆண்டவருக்கு நன்றி.”

ஆமென் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஜஸ்ரின் உட்பட.