இன்னும் கொஞ்சம் சூப்

மலைப்பாதையில் மாதக்கணக்கில் நடந்து வருகிறவர்கள் என்றால் அந்த ஊருக்கே உயிர். அன்று பிற்பகல் வந்தவனையும் விடுதிக்காரி வாய் நிறைய வரவேற்றாள்.

"பூட்ஸக் கழட்டிக் குடுங்க தம்பி, அடி பிஞ்சிருக்கு. செருப்புக்கடைக்காரர் தச்சுக் குடுப்பாரு. நடந்து வர்றவங்ககிட்ட நாங்க காசு வாங்கறதில்ல."

பூட்ஸைக் கொடுத்தனுப்பிவிட்டு, வெறுங்காலோடு உட்கார்ந்தவனுக்குச் சூடாகச் சூப் ஊற்றினாள்.

"தனியாவா வந்தீங்க?"

"ஆமாம்மா. ஒத்த ஆளுதான்."

"வழியில யாரையும் பாக்கலையா?"

"ஈ காக்கா இல்ல."

"நீங்க இங்க இருக்கறது வீட்டுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது" என்று சிரித்தான்.

அவளும் சிரித்தாள். எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள்.

"குளிர்காத்து, அதான்."

அவன் கிண்ணத்தைக் காலி செய்தான். "பூட்ஸ் வந்துட்டா கிளம்பிடுவேன். இருட்டறதுக்குள்ள அடுத்த ஊர் போய்ச் சேரணும்."

"என்ன அவசரம்? இன்னும் கொஞ்சம் ஊத்தறேன்."

ஜன்னலுக்கு வெளியே பேக்கரிக்காரர் வந்து நின்றார். பிறகு தபால்காரர். பிறகு இன்னும் நாலைந்து பேர். எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

அவன் ஸ்பூனைக் கீழே வைத்தான். "எதுக்கும்மா இவ்ளோ பேர்?"

கதவு தட்டப்பட்டது. அவள் ஓடிப்போய்த் திறந்தாள். பூட்ஸோடு செருப்புக்கடைக்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்.

"உன் சந்தேகம் சரிதாம்மா. இது என் கையால தச்சதுதான்" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

விடுதிக்காரி பூட்ஸை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவன் பக்கம் திரும்பினாள்.

"போன மாசம் என் மகன் இதப் போட்டுக்கிட்டுத்தான் நடக்கப் போனான். சொல்லு, அவன் எங்கடா?"