சுடச்சுட ஒரு செம்பு

“எறும்பு! ராஜா தாடி பூரா எறும்பு!” என்று கட்டிலில் கிடந்தபடி அலறினான் சங்கரசுப்பிரமணியன்.

சுவரில் புதிதாக முடிசூடிய ஜார்ஜ் ராஜாவின் படம் சாதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எறும்பும் இல்லை, ஈயும் இல்லை. ஆனாலும் ஆவுடைநாயகம் பிள்ளை எழுந்து போய்த் துண்டால் ராஜாவின் தாடியைத் தட்டிவிட்டு வந்தார்.

“எல்லாம் போயிட்டு மாப்ளே. பைய படு.”

“அத்தான், ஒரு செம்பு கள்ளு வாங்கித் தாங்க. நல்லாச் சுட வச்சு, சுடச்சுடக் கொண்டாங்க.”

“கள்ளை எவம்லே சுட வச்சுக் குடிப்பான்? கோட்டி பிடிச்சிட்டா ஒனக்கு?” என்று அதட்டினாலும் ஆவுடைநாயகத்துக்கு மனம் இளகிவிட்டது. பாவம், பையனுக்கு மூளைவரை கலங்கிவிட்டது.

ஏரலில் வாழைத்தோப்பும் நஞ்சையும் உள்ளவர் அவர். ஆஸ்பத்திரி வாடையே ஆகாது. மைத்துனனுக்குத் துணையாகப் பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றால், மனைவி கோமு அழுத அழுகை அப்படி.

“இப்படியே குடிச்சா வார தைப்பூசம் வரைக்கும் தாங்காதுன்னு வைத்தியர் கையை விரிச்சுட்டாரு. தம்பி கூட நீங்க இருந்தாத்தான் உசிரு பொழைக்கும். எனக்காகப் போங்க!”

வேற்று ஆள் பொங்கிய கஞ்சியை அந்தக் குடும்பத்தில் யாரும் வாயில் வைப்பதில்லை. அதனால் ஆவுடைநாயகமே கொட்டகையில் அடுப்பு மூட்டினார், தண்ணீர் இறைத்தார், கஞ்சி காய்ச்சினார். கேட்டைத் தாண்டிய துணையாளை மறுபடி உள்ளே விடுவதில்லை என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். சாயங்காலமானால் உடம்பு வலிக்காக அவர் பனங்காட்டுப் பக்கம் போகும் நடையும் அதோடு நின்றது.

நர்ஸ் இன்பமணி மருந்தோடு வந்தாள். சங்கரசுப்பிரமணியன் வாயை இறுக மூடிக்கொண்டான்.

“விசம் வச்சிருக்கா! அத்தான் குடிச்சாத்தான் நான் குடிப்பேன்!”

“இந்தச் சீக்குல இப்படித்தான் சந்தேகம் வரும். நீங்க ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க அண்ணாச்சி” என்றாள் இன்பமணி.

ஆவுடைநாயகம் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். வேளைக்கு வேளை இதே கதைதான். தன் பங்கை வாங்கிக்கொண்டு மைத்துனன் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவான்.

நோயாளியைப் பார்த்துக்கொள்வது லேசான வேலையில்லை. ஆவுடைநாயகத்துக்குத் தூக்கம் கெட்டது. வேர்த்துக் கொட்டியது. கஞ்சி ஊற்றும்போது கை நடுங்கிப் பாதி தரையில் போயிற்று.

“அடுப்பு வெக்கை சேரல” என்றார்.

“துணைக்கு இருக்கவங்க விழுந்துட்டா நோயாளியை யாரு பாப்பா?” என்று இன்பமணி அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.

ஒரு சாயங்காலம் அவர் கால்கள் தாமாகவே கேட்டுவரை போய்விட்டன. தொண்டை அப்படி இழுத்தது. பின்னாலிருந்து மைத்துனன் கத்தினான்.

“அத்தான், நீங்க போனா உசிரு போயிரும்!”

கம்பியைப் பிடித்த கையை எடுத்துவிட்டு அவர் திரும்பி வந்தார். கோமுவின் அழுத முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மறுநாள் மதியம் அவருக்கும் தெரிந்தது.

“மாப்ளே, நீ சொன்னது நெசம்தாம்லே! ராஜா தாடியில சாரை சாரையா ஊருது!”

சங்கரசுப்பிரமணியன் துள்ளி எழுந்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நர்ஸைக் கூவி அழைத்தான். இன்பமணி ஓடி வந்து முதல் காரியமாக ராஜாவைச் சுவர் பார்க்கத் திருப்பி மாட்டினாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, வெயில் தாழும்வரை பேசிக்கொண்டே இருந்தாள்.

“இது பாளையங்கோட்டை. நான் இன்பமணி. இங்கன எறும்பு ஒண்ணுமில்ல. ஏரல்ல வாழை இந்த வருசம் எப்படி, அண்ணாச்சி?”

வாழையைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே ஆவுடைநாயகம் தெளிந்தார். “இது ஒட்டுவாரொட்டி போல இருக்கு. ஒன் சீக்கு என்னையும் தொத்திட்டு மாப்ளே” என்றார். அந்த எண்ணத்தை யாரும் கெடுக்கவில்லை.

அதன்பின் அவருக்குத் தூக்கம் வந்தது. பசி வந்தது. கஞ்சிக்குத் துவையல் கேட்டு மைத்துனனோடு சண்டை கூடப் போட்டார்.

கோமு வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கிய காலையில் அவருக்கு ஒரே பெருமை.

“ஒரு சொட்டு உள்ள போக விடலையே! ஒன் தம்பி இனி பொழச்சுக்கிடுவான் கோமு!”

இன்பமணி தளும்பத் தளும்ப ஒரு தம்ளர் தண்ணீரை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைக் கட்டில்வரை கொண்டுபோய் வைத்தார். தரையில் ஒரு துளி விழவில்லை.

கோமு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷம் தாங்காமல் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“கூட்டிட்டுப் போங்கம்மா. ஒங்க வீட்டுக்காரருக்கு நடுக்கம் நின்னுட்டு” என்றாள் இன்பமணி.

“எனக்கா? நோயாளி அவம்லா!”

சங்கரசுப்பிரமணியன் கட்டிலிலிருந்து குதித்து இறங்கிப் படுக்கையைச் சுருட்டினான்.

“கள்ளைச் சுட வச்சுக் குடிக்க மாட்டாங்கன்னே நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும், அத்தான்!”