உங்க வீடுதானே

வாடகைக்கு விடவென்று வங்கிக் கடனில் அவர் வாங்கிய முதல் வீடு. ஒழுகும் குழாயைப் பார்க்க வந்தவர், காலியாகக் கிடந்தபோது வந்துபோன பழக்கதோஷத்தில், தட்டாமல் தன் சாவியைப் போட்டுத் திறந்துவிடுகிறார். ஜன்னல் வெயிலில் தலை துவட்டிக்கொண்டிருக்கும் குடித்தனக்காரப் பெண் பதறி எழுகிறாள். ஈரத் துண்டை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொள்கிறாள். சீப்பு தரையில் விழுந்து சுழல்கிறது. “குழாய்... பாக்கலாம்னு...” என்று இழுக்கிறார். “பரவால்ல சார், உங்க வீடுதானே” என்கிறாள் அவள், சுவரைப் பார்த்தபடி. இந்தச் சொல்லைக் கேட்கத்தானே இத்தனை வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தார்! இப்போது காது கூசுகிறது. கூனிக் குறுகி வெளியே வந்து கதவைச் சாத்துகிறார். சாவி உள்ளங்கையை உறுத்துகிறது. முதுகுக்குப் பின்னால், அவர் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று, மெல்ல, மிக மெல்ல நகர்கிறது தாழ்ப்பாள்.